ஜெசி வைத்த எட்டாம் எண்

என் ஜெசிக் கண்ணே,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதி என்ன பயன்? நீ போன பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஏதாவது நல்ல சேதி சொல்லித் தொடங்கியிருக்கலாம். அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நாளை திங்கட்கிழமை. காலையில் உன் அம்மா நம் கம்பெனிக்கு வரப்போகிறார். மேனேஜரைப் பார்த்து, தன் மகள் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கப்போகிறார். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவள் நான். இது எனக்குத் தெரியும், நம் சூப்பர்வைசர் பாலு சாருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

உன்னோடு பேசுவதை எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன். உன் பெயர் கெட்டது நாலு பேர் நடுவில். அதைச் சரிசெய்வது மட்டும் நம் இரண்டு பேருக்குள் குசுகுசுவென்று நடந்தால் போதுமா?

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், சலித்துக்கொள்ளாதே. நீயும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். சில மாதம் மூத்தவள் என்பதற்காக என்னை "அக்கா, அக்கா" என்று கிண்டல் செய்வாய். படிப்பு முடிந்து, திருபுவனையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பசை செய்யும் கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தோம். மீட்டர்களையும் கருவிகளையும் பார்த்துக்கொள்வது நம் வேலை. நான் மடுகரையிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். நீ தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து நடந்தே வந்துவிடுவாய். கம்பெனி ரோட்டில் உன் அம்மாவின் டிபன் கடை. காலைச் சாப்பாட்டுக்கு நாம் கவலைப்பட்டதே கிடையாது.

நம் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய கலன்களில் மாவைக் கரைத்து நீராவியில் காய்ச்சிப் பசை எடுப்பார்கள். ஒவ்வொரு கலனிலும் சூட்டை அளக்க ஒரு மீட்டர். தண்ணீருக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று. அத்தனையும் ஒரே ஜோடி வயரில் கோத்திருக்கும். கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் அந்த வயரில் எண் சொல்லிக் கூப்பிடும். மூன்று என்றால் மூன்றாம் எண் மீட்டர் மட்டும் தன் அளவைச் சொல்லும், மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த எண்தான் அதன் அட்ரஸ். ஒரே அட்ரஸ் இரண்டு மீட்டருக்கு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, எதுவும் விளங்காமல் போகும். பேசுகிற வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வந்த எழுத்து பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கிற பாரிட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று பிசகினால் மீட்டர் ஊமையாகிவிடும்.

சேர்ந்த புதிதில் ஒரு மீட்டர் வாயே திறக்காமல் நம்மைப் படுத்தியதே, நினைவிருக்கிறதா? நான் வயரை மாற்றினேன். பிறகு மீட்டரையே மாற்றலாம் என்றேன். நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இருடி, அது பேசிக்கினுதான் இருக்குது. நம்மளுக்குத்தான் கேக்கல" என்று பாரிட்டியை மாற்றினாய். உடனே திரையில் எண் வந்து உட்கார்ந்தது. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அதை உன்னிடம் சொன்னதில்லை.

இனி எட்டாம் எண்ணுக்கு வருகிறேன்.

நம் மெயின்டனன்ஸில் எந்த மீட்டருக்கும் எட்டு வைக்க மாட்டார்கள். நாம் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஏழுக்கு அடுத்தது ஒன்பது. கூட்டினால் எட்டு வருகிறது என்று பதினேழையும் ஒதுக்கிவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு எல்லாப் பேனலுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதுபோல் இதுவும் ஒரு பழக்கம், யாரும் யோசிப்பதில்லை. புதிதாகப் பெரிய கலன் வந்தபோது அதன் சூட்டு மீட்டரை மாட்டியவள் நீ. சும்மா கிடக்கிற எண் என்று அதற்கு எட்டு வைத்தாய்.

பாலு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒனக்கு வேற நம்பரே கெடைக்கலயா?"

"சார், எட்டுக்கால் பூச்சிக்கு எத்தினி காலுன்னு கேட்டாகூட நீங்க ஏழுன்னுதான் சொல்லுவீங்க போல இருக்குது" என்றாய்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். அந்த மீட்டர் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. நீ உயிரோடு இருந்த வரைக்கும் எட்டாம் எண் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். டெங்கு என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாய். நான் கையை ஆட்டினேன். நீ பார்த்தாயா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரமே பேச்சு கிளம்பிவிட்டது. எட்டு வைத்ததால்தான் என்றார்கள். முதலில் ஒருவர் சொன்னார், பிறகு எல்லோரும் சொன்னார்கள். பெரிய கலனின் பேனலில் யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒருநாள் பாலு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மஞ்சுளா, அந்த எட்ட எடுத்துட்டு வேற நம்பர் வெச்சிடும்மா. பசங்க அந்தப் பேனல தொடவே மாட்டன்றானுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. உன்னோடு சேர்ந்து அப்படிச் சிரித்தவள் நான், ஒரு வார்த்தை உனக்காகப் பேசியிருக்க வேண்டும். ஆனால் ஜெசி, எனக்கும் பயமாக இருந்தது. நீ போன பிறகு அந்த மீட்டரைத் திறந்து பார்க்கிற வேலை என்னுடையது. ஒருமுறை அதன் மூடியைப் பாதி கழற்றிவிட்டு, திரும்ப மூடிவிட்டு வந்துவிட்டேன். டிப்ளமோ படித்தவள், எட்டு என்கிற எண்ணுக்குப் பயந்தேன். இதை எழுதும்போதே காது சுடுகிறது. சரி சார் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது வைக்கலாம் என்று நினைத்தேன். யாருக்காவது ஒன்பது இருக்கிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரிலிருந்து ஒன்பதைக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், வரவில்லை. அந்த எண் காலி என்று முடிவுகட்டினேன். மீட்டரில் எட்டை ஒன்பதாக்கினேன், கம்ப்யூட்டரிலும் மாற்றினேன். எல்லாம் சரியாக ஓடியது. பசங்களிடம் பாலு சார் தோஷம் கழித்தாயிற்று என்று மட்டும் சொன்னார், எண் மாறியதைச் சொல்லவில்லை. அந்த எலுமிச்சம்பழத்தைக்கூட நானே கழற்றிக் குப்பையில் போட்டேன், என்னவோ பெரிய வீராங்கனை மாதிரி.

ஒன்பது காலியில்லை. போர்வெல் தண்ணீர் மீட்டருக்கு ஒன்பது வைத்தது நீதான், பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அந்த மீட்டர் அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால்தான் பதில் இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரவில்லை என்றால் அங்கே ஆளே இல்லை என்று எப்படி முடிவு செய்தேன்? வேறு நாளாக இருந்தால் இது எனக்கு உடனே நினைவுக்கு வந்திருக்கும். அன்று அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்று இருந்தது.

கொஞ்ச நாளில் தண்ணீர் மீட்டர் ரிப்பேராகி வந்தது. எலெக்ட்ரீஷியன் அதைக் கொண்டுபோய் பழைய இடத்தில் மாட்டி சுவிட்சைப் போட்டார். அவர் மேல் குற்றமே இல்லை. கம்ப்யூட்டர் ஒன்பதைக் கூப்பிட்டது, இரண்டும் சேர்ந்து பதில் சொல்லின. வந்தது பழுதான சேதி என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டு, கடைசியாக ஒழுங்காக வந்த சூட்டையே திரையில் காட்டிக்கொண்டிருந்தது. கலன் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, தானே இயக்குகிற நீராவி வால்வைத் திறந்தே வைத்திருந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ஓடினோம். அதற்குள் கலன் முழுக்கப் பசை இறுகிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

அன்று மத்தியானமே சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். லேப்டாப்பை மாட்டியவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். "ரெண்டு மீட்டருக்கு ஒரே அட்ரஸ் இருக்கு. இதையெல்லாம் செட் பண்ணது யாரு?" என்றார். மேனேஜர் பாலு சாரைப் பார்த்தார். பாலு சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு சார். ரெண்டு மீட்டரும் அதுதான் மாட்டுச்சி. இப்ப அது உயிரோட இல்ல" என்றார் பாலு சார்.

மேனேஜர் "ஓ" என்றார். இன்ஜினியரும் தலையை ஆட்டினார். அத்தோடு விசாரணை முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, ஜெசி. ஒருவர்கூட இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பாலு சார் மெதுவாகச் சொன்னார். "செத்தவங்களுக்கு மெமோ குடுக்க முடியாதும்மா. ஒனக்குன்னா குடுப்பாங்க. நம்பர மாத்தச் சொன்னதுக்கு எனக்கும் குடுப்பாங்க. ராசி பாத்து மாத்தினோம்னு போய் மேனேஜர்கிட்ட சொல்லச் சொல்றியா?"

 வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பாலு சார் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். உன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர். அவரும் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

இறுகிய பசையை எடுக்க வேண்டியது யார்? அஞ்சலை அக்காவும் அவரோடு வரும் கான்ட்ராக்ட் பெண்களும்தான். வெந்நீரை ஊற்றி ஊற்றி இரும்புத் தகட்டால் சுரண்டினார்கள். நாள்கணக்கில் அதே வேலை. கையெல்லாம் கொப்பளித்துவிட்டது. நான் அந்தப் பக்கம் போனபோது அஞ்சலை அக்கா இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "செத்தும் நம்மள சாவடிக்குது பாரு அந்தப் பொண்ணு." உன் கல்யாணத்துக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன் என்று உன்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பாரே, அதே அஞ்சலை அக்கா. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேட்காத மாதிரி நடந்தேன்.

கேன்டீனில் இதைவிட மோசம். ஆபீஸில் வேலை செய்கிற ஒருவர், பெயர் வேண்டாம், "கோட்டாவுல வர்றதுங்கள வேலைக்கு வெச்சா இப்பிடித்தான்" என்றார். வகுப்பில் நான் உன்னைப் பார்த்து எழுதியவள். என் வீட்டுக்குக் கரும்புக் கழனி இருக்கிறது, அதனால் என்னை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் செய்த தப்பை உன் தலையில் வைத்து, அங்கிருந்து உன் தெருவின் தலையிலேயே வைத்துவிட்டார்கள். என் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டு அந்த மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். 

பேச்சு உன் அம்மாவின் கடைக்குப் போகாமல் இருக்குமா? கம்பெனிப் பெண்கள் எல்லாம் அங்கேதானே டீ குடிக்கிறார்கள். சேதி தெரிந்த நாளிலிருந்து, சுரண்டுகிற பெண்களுக்கு அவர் டீக்குக் காசு வாங்குவதில்லை. கூடவே ஆளுக்கு ஒரு வடை. "எம் பொண்ணால ஒங்களுக்கு இந்தக் கஷ்டம், வெச்சிக்கோங்கம்மா" என்கிறாராம். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். மதகடிப்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பின் கேட்டில் நுழைகிறேன்.

போன வியாழக்கிழமை செக்யூரிட்டி போன் செய்தார், கேட்டில் ஜெசிந்தா அம்மா வந்திருக்கிறார் என்று. பாலு சாரும் நானும் போனோம். கோயிலுக்கு உடுத்தும் அந்த வெள்ளைப் புடவையில் நின்றிருந்தார். பாலு சாரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், பெரியவர பாத்து ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுக்கறன் சார். கல்லறைத் திருநாள் வருது. மண்ணுக்குள்ள இருக்கறவள நாலு பேரு திட்டிக்கினு இருந்தா அவ எப்பிடி சார் நிம்மதியா இருப்பா?"

 "மேனேஜர் ஊர்ல இல்லம்மா, திங்கக்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டுப் பாலு சார் திரும்பி நடந்தார். மேனேஜர் உள்ளேதான் இருந்தார்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நீ கூட இருந்து எடுத்துச் சொல்லு. எனக்கு அங்கெல்லாம் பேச வராது. அவ தெரியாமதான் பண்ணியிருப்பான்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"சரிம்மா" என்றேன்.

சரிம்மா என்று சொன்னேன், ஜெசி! வேறு எந்த வார்த்தையும் வாயில் வரவில்லையா எனக்கு? என் மேல் எனக்கே வந்த வெறுப்பை எந்தத் தமிழில் எழுதுவது?

வேறு சேதியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே முடியாது போல இருக்கிறது. புதிதாகக் கரண்ட் மீட்டர்கள் வந்திருக்கின்றன. அட்ரஸ் சரி, வேகம் சரி, பாரிட்டி சரி, பதிலும் ஒழுங்காக வருகிறது. ஆனால் திரையில் பார்த்தால் ஊருக்கே போதுமான கரண்ட்டை நம் கம்பெனி ஒன்றே இழுக்கிற மாதிரி ஏதோ ஒரு எண். பெரிய எண்ணை இரண்டு பாதியாக அனுப்புவார்கள் அல்லவா, இந்த மீட்டர் கம்பெனிக்காரன் பின்பாதியை முதலில் அனுப்புகிறான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் "ஏய், பாருடி" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அந்த நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள்.

சைபர் என்று ஓர் அட்ரஸ் உண்டு என்பதைப் படித்தபோது நீ ரசித்தாயே. சைபருக்கு அனுப்பினால் வயரில் இருக்கும் எல்லா மீட்டருக்கும் கேட்கும், ஒன்றுகூடப் பதில் சொல்லாது. இந்தக் கடிதமும் அப்படித்தான் போகிறது. பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பதில் வராது என்கிற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேனோ என்னவோ. உன்னிடம் சொல்வது சுலபம். நீ திட்ட மாட்டாய். திட்டக்கூடியவர் உயிரோடு, உன் வீட்டில் இருக்கிறார்.

இதை எழுதும்போதே புத்தியில் உறைக்கிறது. உனக்கு எழுதிக்கொண்டு நான் இங்கே என்ன செய்கிறேன்? போய்விட்டு வருகிறேன், இரு.

போய்விட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் ஆகிவிட்டது. 

உன் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா உள்ளே நாளைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா கண்ணு, நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும்னு கேக்கலாம்னு இருந்தன்" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"இன்னா கண்ணு?"

கிரைண்டரை நான்தான் நிறுத்தினேன். திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அட்ரஸ், பாரிட்டி எல்லாம் அவருக்கு எதற்கு? ஜெசி வைத்த நம்பரை நான் பயந்துகொண்டு மாற்றினேன், மாற்றும்போது தப்பாக மாற்றினேன், அதனால்தான் பசை கெட்டது, கேட்டபோது ஜெசியின் பெயரைச் சொன்னார்கள், நான் சும்மா இருந்தேன். இவ்வளவுதான் சொன்னேன். காலில் விழப்போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

 பிறகு கேட்டார். "அப்போ எம் பொண்ணு வெச்சது சரியா?"

"சரிம்மா. அவ வெச்சது நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சி. நான்தான் மாத்தனன்."

"அவ ஒண்ணும் தப்பு பண்ணல?"

"இல்லம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் மாவுக் கையோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உன் போட்டோவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "பெத்தவ நானே நம்பிட்டனே" என்றார். "ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவுது. எம் பொண்ணு தப்பு பண்ணியிருப்பான்னு நானே நம்பிட்டனே, கண்ணு."

அதைச் சொல்லித்தான் அழுதார். நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உன் பெயரைக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் மேலே போய், உன் அம்மாவையே உன்னைச் சந்தேகப்பட வைத்திருக்கிறேன். கலனைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இதை யார் சுரண்டி எடுப்பது?

கிளம்பும்போது சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் வெறும் வயிற்றோடு வந்தது இன்றுதான். அதுவும் நியாயம்தான். வாசல்வரை வந்தார்.

"அப்போ நாளைக்கு நீங்க வர வேணாம்மா" என்றேன்.

"வரன்" என்றார். "மன்னிப்பு கேக்க இல்ல. நீ சொல்றத கேக்க."

பாலு சாருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.  "ஒன்ன மட்டும் தனியா நிக்க விடமாட்டன்மா" என்றார். நாளை விடிந்தால் அவர் மனசு மாறலாம், நான் அதை நம்பிக்கொண்டிருக்கவில்லை. மெமோ வரும். வேலையே போனாலும் போகும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, அப்பா குதிப்பார். குதிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ஜெசி. மேனேஜர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், அந்தப் பெரிய கலன் பக்கத்தில் நின்று, அஞ்சலை அக்காவும் மற்றவர்களும் இருக்கும்போது சொல்வேன். கேன்டீனில் பேசியவரும் வந்து கேட்கட்டும். அந்த மீட்டரை மறுபடியும் உன் எட்டுக்கே மாற்றுவேன், பயந்துகொண்டாவது மாற்றுவேன். இதெல்லாம் உன்னைத் திருப்பிக் கொண்டுவராது. என்னைப் பழைய மஞ்சுளாவாக ஆக்காது என்பதும் தெரியும்.

என் குரல் நடுவில் உடைந்தால், சத்தம் குறைந்தால், அரைகுறையாகச் சொல்லி முடிக்கப் பார்த்தால், உன் அம்மா எதிரே நிற்பார். தன் மகள் சரியாகத்தான் செய்தாள் என்பதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அங்கிருந்து நகரப்போவதில்லை.

அக்கா என்று நீ கூப்பிட்டதை இன்னும் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று நாளைக்குப் பிறகு உன் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை,

வெறும் மஞ்சுளா